நாலு விரல் இல்லாத பிள்ளைக்கு 3டி பிரின்டரில் கை செய்யலாமா?

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தரம் 3 வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. பிறக்கும்போதே இடது கையில் பெருவிரல் மட்டும்தான். மற்ற நாலு விரலும் இருக்க வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன மொட்டுகள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பாடசாலைக்கு 3டி பிரின்டர் ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் இந்தப் பிள்ளைக்கு ஒரு கை செய்து கொடுக்க முடியுமா, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் ரோலரில் அகப்பட்டு சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் இழந்த அவளுடைய மாமாவுக்கும் ஏதாவது செய்யலாமா என்பது கேள்வி.

முடியும் டீச்சர். ஆனால் நீங்கள் மனதில் நினைத்திருக்கும் அந்த ஐந்து விரல் பிளாஸ்டிக் கை இந்தப் பிள்ளைக்குச் சரியான சாமானா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. செயற்கை அவயவ வேலையில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன். பிறந்து வளர்ந்தது தலவாக்கலைக்கு மேலே ஒரு லயத்துக் காம்பராவில். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விசயம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், மொட்டு விரல்களும் பெருவிரலும் உள்ள இந்த நிலை 'சிம்பிராக்கிடாக்டிலி' என்று சொல்வது போலத் தெரிகிறது. அதை டொக்டர் கையைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். இது பெரும்பாலும் ஒரு கையில் மட்டும்தான் வரும், பரம்பரையாக வருவது அரிது. கரு உண்டாகி 4 முதல் 8 வாரத்துக்குள் கை கால் உருவாகிவிடும்; அந்த நேரத்தில் நடந்த ஏதோ ஒரு தடங்கல் இது. கிரகணத்தன்று வயிற்றுப்பிள்ளைக்காரி கத்தி பிடித்தாள், வெளியே போனாள் என்று யாராவது அந்தத் தாயிடம் சொல்லியிருப்பார்கள். எங்கள் பக்கம் சொல்லாத வீடு இல்லை. அது இல்லை காரணம் என்று நீங்கள் ஒரு தடவை அந்த அம்மாவிடம் சொல்லுங்கள். டீச்சர் சொன்னால் நம்புவார்கள். எத்தனையோ தாய்மார் இந்தப் பழியைச் சுமந்துகொண்டுதான் எங்களிடம் வந்து உட்காருகிறார்கள்.

சரி, பிரின்டர் கைக்கு வருவோம். 2011இல் தென்னாப்பிரிக்காவில் ரிச்சர்ட் வான் ஏஸ் என்ற தச்சர் மரம் அறுக்கும் வாளில் அகப்பட்டு வலது கை விரல்களை இழந்தார். கடையில் விற்கும் செயற்கை விரலின் விலை அவருக்குக் கட்டுபடியாகவில்லை. அமெரிக்காவில் ஐவன் ஓவன் என்பவர் வேடிக்கைக்காகச் செய்த பெரிய இயந்திரக் கை ஒன்றின் வீடியோவைப் பார்த்து அவரைத் தொடர்புகொண்டார். இருவரும் கடல் கடந்து சேர்ந்து வேலை செய்தார்கள். விரல்கள் இல்லாமல் பிறந்த லியாம் என்ற ஐந்து வயதுச் சிறுவனுக்கு ஒரு கை செய்து, 2013 ஜனவரியில் அதன் வடிவத்தை யாரும் எடுத்துச் செய்யலாம் என்று இணையத்தில் விட்டார்கள். காசு கேட்கவில்லை. அதே ஆண்டு ரொச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் ஷல், பிரின்டர் வைத்திருப்பவர்களையும் கை தேவைப்படுபவர்களையும் சேர்த்து வைக்க 'ஈநேபிள்' என்ற தொண்டர் வலையமைப்பைத் தொடங்கினார். ராப்டர், பீனிக்ஸ், சைபோர்க் பீஸ்ட் என்று இன்று நீங்கள் பார்க்கும் வடிவங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. பொருட்செலவு மட்டும் பார்த்தால் ஒரு கைக்கு 50 டொலர் அளவுதான்.

இந்த யோசனை பிரின்டரை விடப் பழையது. 1840களிலேயே ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் ரொபர்ட் நோர்மன் என்ற பல் வைத்தியர், பீரங்கி வெடித்து விரல்களை இழந்த கோல்ஸ் என்ற படைவீரருக்குத் திமிங்கில எலும்பாலும் விலங்குக் குடலில் திரித்த கயிற்றாலும் இப்படி ஒரு கை செய்து கொடுத்திருக்கிறார். ஓவன் பழைய ஏடுகளில் தேடி அதைக் கண்டுபிடித்துப் படித்திருக்கிறார்.

இந்தக் கை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், யாருக்கு உதவும் யாருக்கு உதவாது என்பது தானாகவே விளங்கும். இதில் மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை. முன்கையில் ஒரு பட்டை, உள்ளங்கையை மூடும் ஒரு கூடு, இரண்டுக்கும் நடுவே மணிக்கட்டில் ஒரு கீல். முன்கைப் பட்டையிலிருந்து ஒவ்வொரு விரல் நுனிக்கும் இழுபடாத நூல் ஓடுகிறது. மீன்பிடிக்கும் பின்னல் நூலே போதும். மணிக்கட்டை உள்பக்கம் மடக்கினால் நூல் இழுபட்டு விரல்கள் மூடும். நிமிர்த்தினால் விரலின் முதுகுப் பக்கம் இருக்கும் எலாஸ்டிக் திறந்துவிடும். அவ்வளவுதான்.

அப்படியென்றால், மணிக்கட்டு குறைந்தது 30 பாகை மடங்க வேண்டும். கூட்டைத் தள்ளும் அளவுக்கு உள்ளங்கை கொஞ்சமாவது நீளமாக இருக்க வேண்டும். மணிக்கட்டே இல்லாதவருக்கு முழங்கையால் இழுக்கும் வேறு வடிவம் இருக்கிறது.

நூலைக் கட்டும் அந்தக் கடைசி அரைமணி நேரத்தை மட்டும் கொஞ்சம் கிட்ட வைத்துக் காட்டுகிறேன், ஏனென்றால் பிரின்டர் வாங்கித் தருபவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. ஹட்டனிலிருந்து வந்த எட்டு வயதுப் பிள்ளை ஒன்று மேசையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டு நேராக இருக்கும்போது விரல்கள் விரிந்திருக்க வேண்டும், நூலில் தொய்வும் இருக்கக் கூடாது. கூட இறுக்கினால் சும்மா இருக்கும்போதே விரல்கள் பாதி மூடிக்கொள்ளும். தளரவிட்டால் அவள் மணிக்கட்டை மடக்கும் முதல் பாதி வீணாகப் போய்விடும், பிடிக்க விசை இருக்காது. ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சின்னத் திருகாணி. அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. ஆட்காட்டி விரலின் நூலை மற்றவற்றை விட ஒரு சொட்டு இறுக்கமாக வைத்தேன், அப்போதுதான் அது பெருவிரலை முதலில் போய்த் தொடும். பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்தேன், பிடித்துவிட்டாள். அம்மா அழுதுவிட்டார். பந்து பிடிபட்டது. பென்சில் பிடிபடவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்து, பிளாஸ்டிக் கையை மெதுவாகக் கழற்றி வைத்துவிட்டு, தன் சொந்தக் கையின் மொட்டுகளுக்கும் பெருவிரலுக்கும் நடுவே பென்சிலைச் செருகிப் பிடித்துக் காட்டினாள்.

அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது அந்தக் கை பீரோவில் இருந்தது. நான் கோபப்படவில்லை. அவள் சொன்னது முழுக்க நியாயம்: அந்தக் கையைப் போட்டால் கொப்பித் தாளின் வழுவழுப்புத் தெரியவில்லை, சோறு சூடா ஆறியதா என்று தெரியவில்லை, மணிக்கட்டை மடக்கியே வைத்திருந்தால் கை வலிக்கிறது. விரல் இல்லாவிட்டாலும் அவளுடைய உள்ளங்கைக்கு உணர்வு இருக்கிறது. நாம் அழகான பிளாஸ்டிக்கைப் போட்டு அதை மூடிவிட்டோம். இது என் ஒருத்தனின் அனுபவம் மட்டும் இல்லை. 25 வருட ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், உடல்விசையால் இயங்கும் செயற்கைக் கையைக் கைவிடும் பிள்ளைகள் சராசரியாக 45 சதவீதம், மின்சாரக் கையைக் கைவிடும் பிள்ளைகள் 35 சதவீதம் என்று இருக்கிறது. அது பிரின்டர் கைகள் வருவதற்கு முந்திய கணக்கு. நான் பார்த்த வரையில் பிரின்டர் கை இதற்கு விலக்கு இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், கையை அளக்க முன்னம் வேலையை அளவெடுங்கள். உங்கள் மாணவியிடமே கேளுங்கள், அம்மாவிடம் இல்லை: "இடது கையால் எதைச் செய்ய முடியாமல் இருக்கிறது, எதைச் செய்ய ஆசை?" கயிறு பாய ஆசை என்பாள். சைக்கிள் ஹேன்டில் என்பாள். வகுப்பில் எல்லோரும் தன் கையைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்றும் சொல்லலாம். மூன்றுக்கும் மூன்று வேறு சாமான்.

அவளுக்குப் பெருவிரல் இருக்கிறது. அதுதான் பெரிய சொத்து. கையால் செய்யும் வேலையில் சுமார் 40 சதவீதம் பெருவிரலுடையது என்று கை சத்திரசிகிச்சை நிபுணர்கள் சொல்வது வழக்கம். பெருவிரல் இருந்து எதிரே அழுத்த ஒன்றும் இல்லாத கைக்கு, பிரின்டர் வருவதற்கு வெகு காலம் முன்பிருந்தே ஒரு மருந்து இருக்கிறது: எதிர்த்தாங்கி. உள்ளங்கையில் ஒரு பட்டை, அதிலிருந்து பெருவிரலுக்கு நேரெதிரே எழும் வளைந்த ஒரு நாக்கு. அசையாது, நூல் இல்லை, திருகாணி இல்லை. ஆனால் பெருவிரல் வெறுமையாக இருப்பதால் உணர்வு முழுக்க அவளுடையது, அழுத்தும் பலமும் அவளுடையது. நூல் கையால் பிடிபடாத பென்சில், கரண்டி, கயிற்று நுனி எல்லாம் இதில் பிடிபடும். இதை அச்சடிக்க சில மணி நேரம் போதும். அந்த நாக்கின் வளைவையும் உயரத்தையும் சரியாக்குவதில்தான் முழுச் சிரமமும். அதனால் பிரின்டரைத் தொடுவதற்கு முன், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அவள் உள்ளங்கையில் வைத்து, பெருவிரலால் பென்சிலை அழுத்தச் சொல்லுங்கள். களிமண் எங்கே நின்று தாங்குகிறதோ அதுதான் வடிவம். அதை நாலு பக்கமும் படம் எடுங்கள். பெருவிரலுக்கு அழுத்தும் பலம் இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இங்கேதான் பிரின்டரின் உண்மையான பலனைக் காண்கிறேன். மலிவு என்பதைவிட, திரும்பத் திரும்பச் செய்யலாம் என்பது பெரிது. முதல் நாக்கு உயரமாக இருந்தால் இரண்டு மில்லிமீட்டர் குறைத்து நாளைக்கு இன்னொன்று. பிள்ளை வளர்ந்தால் அளவை மாற்றி இன்னொன்று. ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது அளந்து பாருங்கள். அச்சில் வார்த்துச் செய்யும் பழைய முறையில் இப்படித் தப்புச் செய்து பழக வசதி இல்லை.

மாமாவின் கதை வேறு. தழும்பைத் தட்டினால் மின்சாரம் அடித்தது போலச் சுரீர் என்று வலிக்கிறதா என்று கேளுங்கள். வலித்தால் வெட்டுப்பட்ட நரம்பு நுனியில் முடிச்சு இருக்கலாம். அதற்கு முதலில் டொக்டர்தான், சாமான் அப்புறம். வலி இல்லை என்றால் அவர் இப்போது என்ன வேலை செய்கிறார் என்று பாருங்கள். இதே இரண்டு விரலை இழந்த ஒரு அக்கா என்னிடம் வந்தார், கொழுந்து எடுப்பவர். இரண்டு இலை ஒரு மொட்டைக் கிள்ளுவது பெருவிரலும் ஆட்காட்டி விரலும்தான். அதில் குறை இல்லை. கிள்ளியதைக் கூடைக்குப் போடும் வரை கைக்குள் பொத்தி வைப்பது கடைசி இரண்டு விரலின் வேலை. அவை இல்லாததால் பிடிப்பிடியாகக் கொழுந்து கீழே கொட்டியது. நிறை குறைந்தது, அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழுந்தது. அவருக்கு நாங்கள் விரல் செய்யவில்லை. உள்ளங்கையின் ஓரத்தில் ஒரு வேலி செய்தோம், ரப்பர் போல வளையும் டிபியு பிளாஸ்டிக்கில், விரல் உயரத்துக்கு உள்பக்கம் வளைந்த மாதிரி. விரல் போலவே இல்லை அது. மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, கழுவிக் காய வைத்தால் சரி. முதல் இரண்டும் ஒத்துவரவில்லை, ஓரம் தோலை அறுத்தது. மூன்றாவதைப் போட்டுக்கொண்டுதான் இப்போதும் மலைக்குப் போகிறார்.

மாமா தப்பு மேளம் அடிப்பவராக இருந்தால் குச்சியைத் தாங்கும் ஒரு பட்டை செய்யலாம். அப்படி ஒரு பையனுக்குச் செய்து, மாசியில் காமன் கூத்துக்கு அவன் அடித்ததை நானே போய்ப் பார்த்தேன். பார்வைக்கு விரல் வேண்டும் என்றால் அதற்கு சிலிக்கன்தான் நல்லது, பிரின்டர் அதில் உதவாது. விபத்து வேலை நேரத்தில் நடந்தது என்பதால் இன்னொன்று: 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் விரல் இழப்புக்கும் நட்டஈடு உண்டு. அவர் கேட்டாரா, கிடைத்ததா என்று விசாரியுங்கள். நாட்கள் போகப் போக வழி அடைபடும். ரோலர், தேயிலை சலிக்கும் சிப்டர் பக்கம் நிற்கும்போது கையில் எந்தச் சாமானும் போட்டிருக்கக் கூடாது என்பதையும் கட்டாயம் சொல்லிவையுங்கள். இழுபட்டால் பட்டையோடு கையும் சேர்ந்து போகும்.

பிரின்டர் வந்தால் உங்கள் ஊர்க் குளிரும் மழையும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. பிலமென்ட் என்ற அந்த பிளாஸ்டிக் இழை காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறியது அச்சடிக்கும்போது சட் சட் என்று வெடிக்கும், மேலெல்லாம் சிலந்தி வலை போல நூல் தொங்கும், ஒன்றின் மேல் ஒன்றாக அச்சாகும் படைகள் சரியாக ஒட்டாது. பார்வைக்கு நன்றாக இருக்கும் விரல், ஒரு நாள் கீலோடு பிளந்துவிடும். ஸ்டோரில் காய்ந்த தேயிலையை எப்படிக் காற்றுப் படாமல் வைக்கிறார்களோ அப்படியே வையுங்கள்: இறுக மூடும் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். பிஎல்ஏ என்ற வகை இழை என்றால் பாவிக்க முன் 45 பாகை செல்சியஸில் நாலைந்து மணி நேரம் உலர்த்துங்கள், அதற்கென்றே உலர்த்தி விற்கிறார்கள். பனிக்காற்று அடித்தால் அச்சாகும் பொருளின் மூலைகள் மேலே சுருளும். பிரின்டரைச் சுற்றி ஒரு மூடி வேண்டும். கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி உள்ள பிரின்டராகப் பாருங்கள். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த மாதிரி நாட்களில் பாதியில் நின்ற கைகளை நான் எறிந்திருக்கிறேன். விரல்களைப் படுக்க வைத்தே அச்சடியுங்கள், நிற்க வைத்தால் படைகளுக்கு நடுவே முறியும்.

சூட்டைப் பற்றி என் தவறையே சொல்கிறேன். தொடக்கத்தில் எல்லாவற்றையும் பிஎல்ஏயில் செய்தேன். அது 60 பாகை கிட்ட வந்தாலே இளகிவிடும். அதனால் ஒரு நன்மையும் உண்டு: தட்டையாக அச்சடித்து, சுடுதண்ணீரில் போட்டு எடுத்து, துணி சுற்றிய மாதிரிக் கையின் மேல் வைத்து முன்கைப் பட்டையை வளைக்கலாம். ஆனால் அதே குணம் வீட்டிலும் இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. மழையில் நனைந்து வந்த ஒரு பையன் கையைக் கழற்றி விறகடுப்புத் திண்ணையில் காய வைத்தான். எங்கள் காம்பராக்களில் நனைந்த எல்லாம் அங்கேதான் காயும், அது எனக்குத் தெரியாததா? காலையில் எடுத்தபோது பட்டை விரிந்து தட்டையாகக் கிடந்திருக்கிறது. ஏதோ தான் உடைத்துவிட்டதாக நினைத்து, மூன்று வாரம் அதை ஒளித்து வைத்திருந்தான். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போகும் எதையும் பெட்ஜி என்ற வேறு வகை பிளாஸ்டிக்கில் செய்கிறேன், அது 80 பாகை வரை தாங்கும். அப்படியும் அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம் என்று பிள்ளையிடமும் ஆத்தாவிடமும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே எப்போதும் மெத்தை போன்ற பஞ்சுத்தாள் வேண்டும். முதல் நாள் கால் மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றிப் பாருங்கள். சிவந்த இடம் இருபது நிமிடத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். உணர்வு குறைந்த தழும்புத் தோலில் இன்னும் கவனம். இந்தக் கையைப் போட்டுக்கொண்டு மரம் ஏறவோ, எதிலும் தொங்கவோ விடாதீர்கள்.

இவ்வளவையும் பாடசாலையில் நீங்களே செய்யலாம், ஆனால் தனியாகச் செய்யாதீர்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் காட்டி, கண்டி வைத்தியசாலைக்கு அனுப்பும் கடிதம் கேளுங்கள். கால் விரலிலிருந்து எலும்போ விரலோ எடுத்து வைக்கும் சத்திரசிகிச்சை சில பிள்ளைகளுக்குப் பொருந்தும். இவளுக்குப் பொருந்துமா என்று அங்கேதான் தெரியும். திகனையிலும் ராகமையிலும் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் இருக்கின்றன. செயற்கை அவயவம் செய்யப் படித்தவர்கள் களிமண் மாதிரியைப் பார்த்தாலே எங்கே அழுத்தும், எங்கே வழுக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

பழைய மாணவரிடம் பிரின்டரோடு உலர்த்தியும், பெட்ஜியில் ஒரு சுருளும் டிபியுவில் ஒரு சுருளும் கேளுங்கள். பிளாஸ்டிக் இதில் சின்னச் செலவு. பொகவந்தலாவையிலிருந்து கண்டிக்கு அம்மாவும் பிள்ளையும் போய்வர பஸ் காசு, அன்றைக்கு அம்மாவுக்கு விழாத பேர், அளவு பார்க்க மூன்று நாலு தடவை அலைச்சல், இதனால்தான் எங்கள் ஆட்கள் இரண்டாவது கிளினிக்கோடு நின்றுவிடுகிறார்கள். நாலு பயணத்துக்கு ஆகும் அந்தக் காசையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள்.